நனைக்காத இடது கை

மிலிட்டரி,

நேற்றுக் காலை கண் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, உள்பக்கமாகப் பேனாவால் எழுதினாள். கண்ணில் சொட்டு மருந்து விட்ட நேரம் மறக்காமல் இருக்க அப்படி எழுதுவார்களாம். பேனா முனை தோலில் குறுகுறுவென்று ஓடியது. வேர்வையோடு கலந்த மையின் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனையோடு நீயும் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய்.

குனிந்து பார்த்தேன். ‘இடது 10.40’ என்று இருந்தது.

படித்துவிட்டேன். விரலை வைத்துத் தடவாமல், உதட்டை அசைக்காமல், ஒரே பார்வையில் படித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

“இன்னா தாத்தா, கூசுதா?” என்றாள் அவள்.

“இல்லம்மா, படிச்சேன்.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும். எண் எனக்கு எப்போதும் தெரியும். கடிகாரம் பார்ப்பேன், பஸ் நம்பர் பார்ப்பேன். எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற எழுத்துதான் அறுபத்து நாலு வயது வரை எனக்குச் சுவரில் ஊரும் எறும்பாக இருந்தது.

வியாழக்கிழமை ஆபரேஷன். இடது கண்ணைக் கட்டிவிடுவார்கள். அதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. என் பழைய லைசென்ஸ் உறைக்குள் ஒரு காலண்டர் தாளை மடித்து வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு வரி. உன் கையிலிருந்து நான் எடுத்த வரி. அதில் இருப்பது யார் பெயர் என்று இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. இன்றைக்குப் படிக்கப் போகிறேன். படிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும். படித்த பிறகு உன்மேல் வருத்தம் வந்து எழுதாமல் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பத்தியை எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன். “சட்டைக்குள்ள தேளு பூந்தாப்பல இன்னாத்துக்கு இப்பிடி ஆடினு கீற?” என்று உள்ளே இருந்து என் வீட்டுக்காரி, உன் அண்ணி, கேட்கிறாள். தேள் என்று அவள் சொன்னதும் உன் கழுத்துதான் ஞாபகம் வருகிறது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ரோட்டில் நம் ஆம்புலன்ஸ் கம்பெனி ஷெட்டுக்கு நீ வந்த முதல் நாள் அரைக்கைச் சட்டை போட்டிருந்தாய். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் பச்சை குத்தியிருந்தது. மலை, கத்தி, புலித்தலை, ஹெலிகாப்டர். காலருக்கு மேலே கழுத்தில் வாலைத் தூக்கிய தேள். பட்டாளத்தில் பதினேழு வருஷம் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட்ட ஆள், இனி உன் வண்டியில் இவர்தான் டெக்னீஷியன் என்று மேனேஜர் சொன்னார். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. உனக்கு நாற்பது ஆகியிருக்கலாம்.

“இன்னா மிலிட்டரி, அந்தப் பக்கம்லாம் தாளே கிடைக்காதா?” என்று உன் கையைக் காட்டிக் கேட்டேன்.

“தாள் நனைஞ்சிடும் அண்ணே. இது நனையாது” என்றாய்.

“இன்னா அண்ணே கிண்ணேன்னுகினு. இங்க அண்ணாத்தேன்னு கூப்டணும்.”

அன்றிலிருந்து நீயும் அப்படியே கூப்பிட்டாய். வேலூர்ப் பக்கத்து நாக்கில் அந்த வார்த்தை ஒட்டாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். ஷெட்டில் எல்லோரும் சிரிப்போம்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. “ஆளைப் பார்த்தாலே பேஷண்டுக்குப் பிரஷர் ஏறிடும் போலிருக்கே. நாளையிலேர்ந்து முழுக்கைச் சட்டை. ஆறு மாசம் பார்ப்பேன். ஒரே ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குப் போயிடணும்” என்றார். நீ விறைப்பாக நின்று தலையாட்டினாய். அதற்கு முன்னால் இரண்டு ஆஸ்பத்திரியில் உன் கழுத்தைப் பார்த்துவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பதை நீ எனக்குப் பிறகுதான் சொன்னாய்.

“பென்ஷன் வர்ற ஆளு, பட்டாபிராம்ல சொந்த ஊடு கீது. அப்பறம் இன்னாத்துக்கு இந்த ரோதன?” என்று ஒரு நாள் கேட்டேன்.

நீ வலது கையை நீட்டிக் காட்டினாய். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. “சும்மா இருந்தா ஆடுது அண்ணாத்தே. அடிபட்டவன் யாரையாவது பிடிச்சா நின்னுடுது.”

அதன் பிறகு நான் கவனித்தேன். உண்மைதான். ஷெட்டில் டீ குடிக்கும்போது டம்ளர் தட்டில் கிடுகிடுவென்று அடிக்கும். ஸ்ட்ரெச்சரைப் பிடித்துவிட்டால் உன் கை தூண் மாதிரி நிற்கும். இந்த வேலை போனால் உனக்கு என்ன ஆகும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும்தான் அப்படிச் செய்தேன். அதற்கு வருகிறேன்.

முதல் வாரம் திருமுல்லைவாயிலில் மூச்சுத் திணறிய கிழவியைத் தூக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? நீ குனிந்து அவளுக்கு முகமூடி வைத்தாய். “ஐயோ, கழுத்துல தேளு!” என்று கத்திக்கொண்டே பளார் என்று ஓங்கி ஓர் அடி போட்டாள். அடித்த வேகத்தில் அவளுக்கே மூச்சு சீராகிவிட்டது. வழியெல்லாம் உன் கழுத்தைத் தடவிப் பார்த்து, “வலிக்குதா நைனா, வலிக்குதா நைனா” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கே புகார் வருமோ என்று இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. புகார் வரவில்லை. வாழைப்பழச் சீப்பு வந்தது.

உன் இடது கையின் உள்பக்கத்தில் படம் எதுவும் கிடையாது. வரி வரியாக ஆறு பெயர்கள். செத்துப்போனவர்களா என்று கேட்டேன்.

“சில பேர் போயிட்டாங்க. சில பேர் ஊர்ல மாடு மேய்க்கறாங்க. ஸ்ட்ரெச்சருக்கு ரெண்டு முனை அண்ணாத்தே. நான் ஒரு முனையைப் பிடிச்சப்போ எதிர் முனையைப் பிடிச்சவங்க பேரு இது. ஒருத்தன் கைய விட்டா மூணு பேரும் விழணும். விடாதவன் பேரைத்தான் எழுதிப்பேன்.”

“அப்போ எம் பேரு எப்போ?”

“இன்னும் முடிவு பண்ணல” என்று கண்ணடித்தாய்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தரமாவது கேட்பேன். “இன்னா மிலிட்டரி, முடிவு பண்ணியா?” நீ தலையைச் சொறிந்துகொண்டே வேறு பக்கம் பார்ப்பாய். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று உனக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அது விளையாட்டு இல்லை. இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியிருந்தேன். என் பெயரை யாரும் எங்கேயும் எழுதி வைக்க நினைத்ததில்லை.

உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அடிபட்டவர் கிடக்கும் இடத்தில் தாளை எடுத்து எழுத நேரமும் இருக்காது, கையில் ரத்தமும் இருக்கும். கையிலேயே குறித்துக்கொண்டு, வண்டியில் ஏறிய பிறகு தாளில் எழுதுவது எல்லோரும் செய்வதுதான். உன் கையில் எழுத இடமே இல்லை. பேஷண்டின் நெற்றியில் ஒரு தரம் எழுதினாய். “பொணத்துக்குத்தான்டா நம்பர் போடுவானுங்க!” என்று அவருடைய அம்மா போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. அத்தோடு அதையும் விட்டாய். மிச்சம் இருந்தது என் இடது கைதான். “கைய நீட்டுங்க அண்ணாத்தே” என்பாய். நான் நீட்டுவேன். பிரஷர், பல்ஸ், மருந்து கொடுத்த நேரம் எல்லாம் என் தோலில் ஏறும். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸுகள் என் கையைத் திருப்பிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. கையெழுத்துப் போடுவேன். கோவிந்தசாமி என்று என் பெயரின் உருவம் மட்டும் மனப்பாடம்.

இப்போது அந்த நாளுக்கு வந்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் மிஷினுக்குள் ஒருவர் கை மாட்டி நசுங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் மயங்கி விழுந்ததில் அவருக்கு மண்டை உடைந்துவிட்டது. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினோம். கை நசுங்கியவருக்கு ரத்தம் நிற்பதற்காக மேல்கையில் பட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாய். கட்டிய நேரத்தை என் கையில் எழுதினாய். மண்டை உடைந்தவருக்கு ஊசி போட்டு பாட்டில் மாட்டினாய். அந்த நேரத்தையும் கீழே எழுதினாய். மேல் வரியில் 1.50. கீழ் வரியில் 2.30. நடுவில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரிக்குள் போகிற நேரத்தில் மண்டை உடைந்தவருக்கு வலிப்பு வந்தது. நீ அவரோடு ஓடினாய். நான் மற்றவரைத் தள்ளிக்கொண்டு போனேன். டாக்டர் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு, “கட்டு போட்டது எத்தனை மணிக்கு?” என்றார்.

என் கையைப் பார்த்தேன். இரண்டு எண். இரண்டுக்கும் பக்கத்தில் எறும்புகள். எந்த எறும்பு எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை. ‘எனக்குத் தெரியல சார், நீங்களே பாருங்க’ என்று கையை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். சுற்றி நர்ஸுகள் நின்றார்கள். வாய் தானாகச் சொன்னது. “ரெண்டரை சார்.”

“அப்போ பத்து நிமிஷம்தானே ஆச்சு, நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அப்படிக் கட்டினால் ரத்தம் கீழே போகாது, ரொம்ப நேரம் விட்டால் கையே செத்துவிடும் என்று நீ எனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறாய். நான் வெளியே வந்து வண்டியைக் கழுவினேன். டீ குடித்தேன். நீ வரும்போது மணி மூன்றரைக்கு மேல் ஆகிவிட்டது.

“டாக்டர்கிட்ட டைம் சொன்னீங்களா?”

“சொன்னேனே. ரெண்டரைன்னு.”

நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாய். “கட்டு ஒண்ணு அம்பதுன்னு எழுதியிருக்கேனே அண்ணாத்தே.” பிறகு என் முகத்தைப் பார்த்தாய். ஒரு நிமிஷம்கூட இருக்காது. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே ஓடினாய்.

கை பிழைத்தது. மிஷினில் போன இரண்டு விரல் போனதுதான். டாக்டர் கோபத்தில் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது. யார் நேரத்தைத் தப்பாகச் சொன்னது என்று கேட்டார். “தப்பு என்னோடது சார்” என்று உன் குரல் கேட்டது. நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே நின்றேன்.

சனிக்கிழமை கம்பெனிக்குப் புகார் வந்தது. திங்கட்கிழமை காலையில் உன்னை விசாரிக்கப் போவதாகச் சொன்னார்கள். ஷெட்டில் நீ டீ டம்ளரைத் தொடவே இல்லை. கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேயே நடந்தேன். கடைசியில் உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். என் சமாச்சாரம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டு, முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த ஆளு ரெண்டு கையயும் மூடிகினு வேல பாக்கறாரு. நீ வாய மூடிகினு பாக்கற. அவரு மூடிகினதால யாருக்கும் ஒண்ணும் ஆவலையே.”

எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குள் நீ நின்றுகொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். உன் சட்டையின் கைப்பொத்தான் மணிக்கட்டு வரை போட்டிருந்தது.

“சார், எனக்குப் படிக்க எதுனா குடுங்க.”

“என்னய்யா?”

“எதுனா சார். பேப்பரு, புகாரு, எதுனா.”

அவர் புகார்க் கடிதத்தையே நீட்டினார். நான் அதைக் கையில் வாங்கினேன். காகிதம் சடசடவென்று ஆடியது. அன்றைக்குக் கை நடுங்கியது எனக்குத்தான். “இதுல இவரு பேரு எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது சார். என் கையில எது கட்டு, எது ஊசின்னும் தெரியாது. டாக்டராண்ட தப்பா சொன்னது நான்தான் சார்.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “இத்தனை வருஷம் இத்தனை ஆஸ்பத்திரிக்கு எப்படிய்யா போனே?”

“மரத்தப் பாத்து, கோயிலப் பாத்து, டீக்கடையப் பாத்து சார். ஒரு தபா ஒரு டீக்கடைய இட்ச்சிட்டானுங்க. அன்னிக்கு மட்டும் சுத்திட்டேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, படிக்கத் தெரியாத ஆளை இனிமேல் வண்டியில் அனுப்ப முடியாது, ஷெட்டிலேயே வண்டி கழுவிக்கொண்டிரு என்றார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. திரும்பினேன். அப்போதுதான் நீ பேசினாய்.

“எழுத்து வேண்டாம் சார். படம் போடறேன்.”

“என்ன படம்?”

நீ கைப்பொத்தானைக் கழற்றினாய். மேனேஜர் முன்னால் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினாய். “இதைப் பார்த்து யாராவது புலியா கத்தியான்னு சந்தேகப்படுவாங்களா சார்? அண்ணாத்தே கையிலயும் படமா போட்டுடறேன். கட்டுக்கு முடிச்சு. மருந்துக்குச் சொட்டு. பல்ஸுக்கு இதயம். பக்கத்துல நம்பர். அவருக்கு நம்பர் தெரியும். இந்த ஏரியாவுல இவர் மாதிரி வண்டி ஓட்ட ஆள் இல்ல சார்.”

“இது ஆம்புலன்ஸா, டாட்டூ கடையாய்யா?” என்றார் மேனேஜர். ஆனால் அவர் கண் உன் கையைவிட்டு நகரவில்லை. அவ்வளவு கிட்டத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. “அந்த ஹெலிகாப்டர் எந்த ஊரு?” என்று கேட்டார். நீ சொன்னாய். அவர் இன்னொன்றைக் கேட்டார். கடைசியில், இன்னும் மூன்று மாதம் பார்ப்பேன், அடுத்த புகாருக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகணும் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து உன் வேலை நிரந்தரமானது. அந்த டாக்டரே என் கையைப் பார்த்து, “இன்னைக்கு என்ன படம்?” என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. நான் முடிச்சைக் காட்டி, “கட்டு சார், பதினொண்ணே கால்” என்பேன். என் வாழ்க்கையிலேயே நான் தைரியமாகப் படித்த எழுத்து அதுதான். “இப்ப ரெண்டு பேருமே ரவுடி மாதிரி கீறோம்” என்று உன்னிடம் சொன்னேன். “நீங்க தினமும் குளிச்சா போயிடும். நான் மாட்டிக்கிட்டேன்” என்றாய்.

ஆனால் ஒன்று. அந்தப் பட்டறை நாளுக்குப் பிறகு, முடிவு பண்ணியா என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஒரு தரம் கையை விட்டவன்.

அறுபது வயதில் முழங்கால் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டேன். என் இடத்துக்கு அருள் என்ற டிரைவர் வந்தான். பி.ஏ. படித்தவன். தங்கமான ஆள் என்று நீ சொல்வாய். எனக்கு அது பிடிக்காது. நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதே முழுக்கைச் சட்டைதான். பழகிவிட்டது என்பாய்.

அப்புறம் அந்தக் காலை. பல் தேய்த்துவிட்டு வந்தவன், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாயாம். வண்டியை அருள்தான் ஓட்டி வந்தானாம். எத்தனை பேருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாய். உனக்கு யாரும் போய்ச் சேர முடியவில்லை.

பட்டாபிராம் வீட்டில் உன்னைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். யாரோ உனக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கிட்டே போய்க் கைப்பொத்தானைக் கழற்றினேன். ஒருவர் என்னைத் தடுத்தார். உன் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே, “விடுங்க, அவர் கை தெரியட்டும்” என்றாள்.

இடது கையைத் திருப்பினேன். ஆறு வரி இருந்த இடத்தில் ஏழு வரி இருந்தது. ஏழாவது வரி கறுப்பாகப் புதிதாக இருந்தது. என் பெயரின் உருவம் எனக்குத் தெரியும். அது இல்லை.

அருள் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். அவன் சட்டைப் பையில் பேனா இருந்தது. அதையே கேட்டு வாங்கினேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழாவது வரியை வளைவு வளைவாக, கோடு கோடாக, என் இடது கையில் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

உன்னைத் தூக்கும்போது நாலு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் தூக்கப் பார்த்தார்கள். பாடை சாய்ந்தது. நீ இருந்திருந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்கும்போது சொல்வது போலச் சொல்லியிருப்பாய். நீ சொல்லாததால் நான் சொன்னேன். “ஒண்ணு, ரெண்டு, தூக்கு.” ஒரே சீராக எழுந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே உன் அண்ணி தண்ணீர் வைத்திருந்தாள். சாவு வீட்டிலிருந்து வந்தவன் குளிக்காமல் உள்ளே போக முடியாது. குளித்தால் நீ போய்விடுவாய். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

“இன்னாய்யா இது, பஸ்ஸுல தொங்கறாப்பல?”

“நீ கம்முனு இரு.”

ஈரத்தோடு உள்ளே போய்க் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அந்த வரியை வரைந்து வைத்தேன். அவளிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் படித்துச் சொல்லியிருப்பாள். காட்டவில்லை. அருள் பெயர்தான் என்று இன்னொருவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. நானே படித்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருவில் புதிதாக வந்த அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி, தென்காசிப் பக்கம், சனி ஞாயிறு சாயங்காலத்தில் பள்ளிக்கூடத்து அறையில் பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ‘அ’ சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு ஓடி வந்து தாளைப் பிரித்தேன். முதல் எழுத்து ‘அ’. அருளுக்கும் அதுதான் முதல் எழுத்து என்று மறுநாள் அந்தப் பெண்ணிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாளை மடித்து வைத்தவன்தான். அதன் பிறகு அதைத் தொடவில்லை. ஆனால் வகுப்பையும் விடவில்லை. கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, ஸ்டேஷன் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக என்னோடு பேச ஆரம்பித்தன. உன்னிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நாம் நூறு தரம் போன ஆஸ்பத்திரி வாசலில் ‘ஹாரன் அடிக்காதீர்’ என்று எழுதியிருக்கிறது, மிலிட்டரி. நான் நூறு தரமும் அடித்திருக்கிறேன்.

சரி. எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். அருள் பெயராக இருந்தாலும் பரவாயில்லை. அவன் உனக்காக வண்டி ஓட்டி வந்தவன். கை விடாதவன். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். தாளை எடுக்கிறேன்.

எடுத்துவிட்டேன்.

இரண்டாவது எழுத்தில் சுழி அதிகமாக இருக்கிறது. ‘ரு’ இல்லை. ‘ண்’. அடுத்தது ‘ணா’. அதற்கடுத்து ‘த்’. கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு. கொம்போடு ‘தே’.

சேர்த்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன்.

அண்ணாத்தே.

உள்ளே இருந்து உன் அண்ணி எட்டிப் பார்த்தாள். “ஒரு வழியா படிச்சிட்டியா?”

“உனக்குத் தெரியுமா?”

“நீ ஈரக்கையோட எழுதினியே, அன்னிக்கே பாத்தேன்.”

“ஏன்டி சொல்லல?”

“நீ கேக்கலியே. சொல்லியிருந்தா கிளாசுக்குப் போயிருப்பியா?” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

எப்போது குத்திக்கொண்டாய் என்று தெரியவில்லை. நான் நின்ற பிறகா, அதற்கும் முன்னாலா? தெரிந்து இனி என்ன. எத்தனை தரம் என் வீட்டுக்கு வந்து, கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் படிக்கும் வரைக்கும் காத்திருந்தாயா, இல்லை, கேட்கட்டும் என்று காத்திருந்தாயா? கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

இப்போது எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சந்தோஷத்தில் இப்படி ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. பேனா பிடித்த கை நடுங்குகிறது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் இந்தத் தாளையே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நர்ஸ் எழுதிய ‘இடது’ இன்னும் என் கையில் இருக்கிறது. இன்று காலையும் இடது கையைத் தூக்கிக்கொண்டுதான் குளித்தேன். அவள் எழுதியதற்காக இல்லை. நீ போன நாளிலிருந்து தினமும் அப்படித்தான் குளிக்கிறேன்.

உன் எதிர் முனையில்,
அண்ணாத்தே